குரோய்ட்ஸ்பெர்க்: என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகள்

பெர்லினில் நான் குடியிருப்பது குரோய்ட்ஸ்பெர்க்கில். படிக்க வரும் பிள்ளைகள், வேலை மாறி வரும் ஐ.டி. நண்பர்கள், கோடையில் மகன் வீட்டுக்கு வரும் அப்பா அம்மாக்கள் என்று யாரை அழைத்துப் போனாலும், ரயில் நிலையப் படி இறங்குவதற்குள் முதல் கேள்வி வந்துவிடும். பெரும்பாலும் அதே கேள்விகள்தான். போனில் சொல்லிச் சொல்லி வாய் வலித்ததால் எழுதி வைத்துவிட்டேன். கேள்விகளை அவரவர் கேட்ட மாதிரியே விட்டிருக்கிறேன்.

குரோய்ட்ஸ்பெர்க்னா தனி ஊரா, பெர்லினில் ஒரு ஏரியாவா?

ஏரியாதான். 1920-ல் சுற்றியிருந்த சிறு நகரங்களையும் கிராமங்களையும் சேர்த்துப் பெரிய பெர்லினை உருவாக்கியபோது பிரித்த மாவட்டங்களில் இதுவும் ஒன்று. முதலில் வைத்த பெயர் 'ஹாலஷஸ் டோர்'. மறு வருடமே அதை மாற்றிவிட்டார்கள். 2001-ல் ஸ்ப்ரே நதிக்கு அக்கரையில் இருக்கும் ஃப்ரீட்ரிஷ்ஹைனோடு சேர்த்து ஒரே மாவட்டமாக்கினார்கள். இக்கரை பழைய மேற்கு பெர்லின், அக்கரை பழைய கிழக்கு. நடுவில் சிவப்புச் செங்கல் கோபுரங்களோடு நிற்கும் ஓபர்பாம் பாலம். சேர்த்துவைத்த பிறகு சில வருடங்கள் இரு கரைக்காரர்களும் கோடையில் அந்தப் பாலத்தின் மேல் கூடி, அழுகிய தக்காளியும் முட்டையும் எறிந்து விளையாட்டுச் சண்டை போட்டார்கள்.

பரப்பளவு சுமார் 10 சதுர கிலோமீட்டர், மக்கள் ஒன்றரை லட்சம் பேர். 1920-களில் இதே இடத்தில் மூன்றரை லட்சம் பேருக்கு மேல் இருந்தார்கள். அதை மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

'பெர்க்'னா மலைதானே? மலையையே காணோமே?

இருக்கிறது, கண்ணுக்குப் படுவதில்லை. உயரம் 66 மீட்டர். நம்மூரில் அதைக் கரடு என்றுகூடச் சொல்ல மாட்டார்கள். தட்டையான பெர்லினில் அதற்கு மலைப் பட்டம். உச்சியில் நெப்போலியனுக்கு எதிரான போர்களின் நினைவாக, ஷிங்கல் என்ற புகழ்பெற்ற கட்டடக் கலைஞர் வடிவமைத்த வார்ப்பிரும்புச் சின்னம் 1821 முதல் நிற்கிறது. அதன் முனையில் ஒரு இரும்புச் சிலுவை. சிலுவை உள்ள மலை, அதுதான் குரோய்ட்ஸ்பெர்க். சரிவில் விக்டோரியா பூங்கா. அங்கே விழும் அருவி பம்ப் போட்டு ஓடவிடுவது, ஏமாந்துவிடாதீர்கள்.

ஐ.டி. நண்பர்களுக்கு ஒரு தகவல். அந்த மலைச் சரிவில் உள்ள மெட்ஃபெசல் தெருவில்தான் கொன்ராட் சூசே தன் பெற்றோர் வீட்டு அறையில் தகடுகளை அறுத்து அறுத்து முதல் கணிப்பொறியைச் செய்தார். அவருடைய மூன்றாவது இயந்திரமான இசட்-3, 1941-ல் அதே தெருவில் ஓடியது. போரில் குண்டுக்குப் போய்விட்டது.

சுவர், பனியன், கடைப் பலகை எங்கே பார்த்தாலும் 36-னு எழுதியிருக்கே, அது என்ன?

பழைய தபால் எண். கிழக்குப் பாதி 'எஸ்.ஓ. 36' (தென்கிழக்கு 36), மேற்குப் பாதி 'எஸ்.டபிள்யூ. 61' (தென்மேற்கு 61). 1993-ல் ஜெர்மனி முழுக்க ஐந்து இலக்க எண் வந்ததும் இரண்டும் தபால்காரரின் பையிலிருந்து போய்விட்டன. பேச்சிலிருந்து போகவில்லை. "நீ 36-ஆ, 61-ஆ?" என்று இன்றும் கேட்பார்கள். 36 என்றால் சுவரோரம், துருக்கியர், பங்க் பிள்ளைகள், கலவரம். 61 என்றால் பெர்க்மன் தெரு, மர நிழல், வாத்தியார்கள், வக்கீல்கள். "36 எரிகிறது, 61 உறங்குகிறது" என்று ஜெர்மனில் எதுகையோடு ஒரு சொலவடையே உண்டு.

மேரிங்டாம் சாலையில் 'கரி 36' என்று பெயர்போன சாசேஜ் கடை ஒன்று இருக்கிறது. அதைக் காட்டி "பாருங்கள், இதுதான் 36" என்று ஒரு குடும்பத்துக்கு நான் பெருமையாகச் சொல்லியிருக்கிறேன். அப்புறம்தான் தெரிந்தது, அது கதவு எண். கடை இருப்பது 61-ல்.

ஒரு வாசலுக்குள் போனால் முற்றம், அதற்குப் பின்னால் கட்டடம், அதற்குப் பின்னால் இன்னொரு முற்றம்... யார் இப்படிக் கட்டினது?

நிலத்தை விற்றுச் சம்பாதிக்க நினைத்தவர்கள். 19-ஆம் நூற்றாண்டில் தொழிற்சாலைகளை நம்பி லட்சக்கணக்கில் ஆட்கள் பெர்லினுக்கு வந்தார்கள். 1862-ல் ஹோப்ரெஷ்ட் என்ற பொறியாளர் போட்ட தெருத் திட்டத்தில் தெருக்கள் அகலம், மனைகளோ ஆழம். அந்த ஆழத்தை வீணாக்குவானேன் என்று முன்கட்டு, பக்கக்கட்டு, பின்கட்டு, அதற்கும் பின்கட்டு என்று அடுக்கினார்கள். முற்றம் எவ்வளவு சிறியதாக இருக்கலாம் என்பதற்கு விதி ஒன்று இருந்தது: 5.34 மீட்டருக்கு 5.34 மீட்டர். காற்றையும் வெளிச்சத்தையும் கணக்கிட்டு வந்த அளவென்று நினைத்துவிடாதீர்கள். தீயணைப்பு வண்டி திரும்ப அவ்வளவு போதும், அதுதான் கணக்கு. 'வாடகைக்கு விடும் பட்டாளக் கொட்டடி' என்று பொருள்படும் பெயரை அந்தக் காலத்திலேயே இந்த வீடுகளுக்கு வைத்துவிட்டார்கள்.

முன்கட்டில் உயரமான கூரை, பூவேலை, பால்கனி. பின்கட்டில் ஒற்றை அறையில் ஒரு குடும்பம், மாடிப்படித் திருப்பத்தில் நான்கு வீட்டுக்கு ஒரு கழிப்பறை. அதே முற்றத்தில் அச்சுக்கூடம், பெட்டி செய்யும் பட்டறை, விளக்குத் தொழிற்சாலை. வீடும் வேலையும் ஒரே வாசலுக்குள் இருந்த இந்த ஏற்பாட்டுக்குத்தான் 'குரோய்ட்ஸ்பெர்க் கலவை' என்று பெயர். இன்று அந்தச் சொல்லைக் கேட்டதும் பல நாட்டு மக்கள் கலந்திருப்பதைச் சொல்கிறார்கள் என்று எல்லோரும் நினைக்கிறார்கள். சொல் அதைவிடப் பழையது.

பெர்லின் சுவர் இருந்தப்போ இது எந்தப் பக்கம்?

மேற்கு. ஆனால் மேற்கின் முட்டுச்சந்து. 1961 ஆகஸ்ட் 13 அன்று சுவர் எழும்பியதும் 36 பகுதியை மூன்று பக்கமும் அடைத்துவிட்டது. அதுவரை நகரத்தின் நடுவே இருந்த தெருக்கள் ஒரே நாளில் ஊர்க்கோடி ஆகிவிட்டன. வேலைக்கும் கடைக்கும் அக்கரையிலிருந்து வந்த ஆட்கள் நின்றுபோனார்கள். முதலாளிகள் இடம் மாறினார்கள், வசதி இருந்தவர்கள் அவர்கள் பின்னால் போனார்கள். மேம்பாலத்தில் ஓடும் ரயில் (1902-ல் ஜெர்மனியிலேயே முதலில் ஓடிய மெட்ரோ தடம் இது) ஷ்லெசிஷஸ் டோர் நிலையத்தோடு நின்றது. பாலத்தைத் தாண்டி அது மறுபடி ஓடியது 1995-ல்.

ஒரு விஷயம் பலருக்குத் தெரியாது. இந்தப் பகுதியில் ஸ்ப்ரே நதியின் முழு அகலமும் கிழக்கின் சொத்து. கரை மேற்கு, தண்ணீர் கிழக்கு. கரையில் விளையாடிய குழந்தைகள் தவறி விழுந்தால், மேற்குத் தீயணைப்பு வீரர்கள் இறங்கிக் காப்பாற்ற முடியாமல் கரையில் நின்றார்கள். இறங்கினால் சுடுவார்களோ என்ற பயம். இப்படிப் பல குழந்தைகள் இறந்தன. 1975 மே மாதம், தன் ஐந்தாவது பிறந்தநாளன்று ஒரு துருக்கியச் சிறுவன் மூழ்கிய பிறகுதான் இரு தரப்பும் உட்கார்ந்து பேசி, அந்த ஆண்டு அக்டோபரில் மீட்புக்கு ஓர் ஒப்பந்தம் போட்டார்கள். இன்று அதே கரையில் பிள்ளைகள் காலைத் தொங்கப்போட்டுக்கொண்டு பீர் குடிக்கிறார்கள்.

துருக்கிக்காரங்க ஏன் இவ்வளவு பெரிய ஊரில் இந்த இடத்துக்கே வந்தாங்க?

அவர்களாகத் தேர்ந்தெடுத்து வந்தது குறைவு. சுவர் எழும்பிய இரண்டே மாதத்தில், 1961 அக்டோபர் 30 அன்று, மேற்கு ஜெர்மனி துருக்கியோடு ஆள் எடுக்கும் ஒப்பந்தம் போட்டது. 'விருந்தாளித் தொழிலாளி' என்று பெயர் வைத்தார்கள். விருந்தாளியை ஆலையில் ஷிஃப்ட் பார்க்க வைப்பது எந்த ஊர் வழக்கமோ! பெர்லினுக்கு வந்தவர்களில் பெண்கள் நிறைய. டெலிஃபுங்கன் ஆலையில் ரேடியோ வால்வு பொருத்த வந்த பெண்களுக்கு குரோய்ட்ஸ்பெர்க்கின் ஸ்ட்ரேசமன் தெருவில் விடுதி இருந்தது.

விடுதியை விட்டு வெளியே வந்து வீடு தேடினால் வேறெங்கும் கொடுக்க மாட்டார்கள். இங்கே கொடுத்தார்கள், காரணம் இதுதான்: நகர நிர்வாகம் இந்தப் பழைய வீடுகளை இடித்துவிட்டு ஒரு விரைவுச்சாலை போடத் திட்டமிட்டிருந்தது. சாலைச் சந்திப்பு ஓரானியன்பிளாட்ஸ் சதுக்கத்தின் மேலேயே வருவதாக இருந்தது. எப்படியும் இடிக்கப்போகிற வீட்டை யார் பழுதுபார்ப்பார்கள்? அதுவரை சும்மா கிடப்பதற்கு வெளிநாட்டுக்காரனுக்கு விட்டால் வாடகையாவது வரும் என்று விட்டார்கள். சாலைத் திட்டம் எழுபதுகளில் கைவிடப்பட்டது. வந்தவர்கள் இருந்துவிட்டார்கள்.

அதிலும் ஒரு திருப்பம் உண்டு. ஆட்கள் அதிகமாகிவிட்டார்கள் என்று 1975-ல் குரோய்ட்ஸ்பெர்க், வெடிங், டீர்கார்டன் மூன்று மாவட்டங்களுக்கும் வெளிநாட்டவர் குடிபெயரத் தடை போட்டார்கள். இன்ன மாவட்டத்தில் குடியேற அனுமதியில்லை என்று பாஸ்போர்ட்டிலேயே முத்திரை குத்தினார்கள். அந்த முத்திரையோடு வந்த மாமாவும் சித்தப்பாவும் சொந்தக்காரர் வீட்டில் பதிவில்லாமல் தங்கினார்கள் என்று அந்தத் தலைமுறைக்காரர்கள் சிரித்துக்கொண்டே சொல்வார்கள்.

டோனர் கெபாப் இங்கேதான் கண்டுபிடிச்சாங்களாமே?

வாக்காளர் பட்டியல் போல நீளமான உரிமைப் போட்டி அது. காதிர் நூர்மான் என்பவர் 1972-ல் சோ ரயில் நிலையத்தருகே ரொட்டிக்குள் இறைச்சி வைத்து விற்றார் என்று டோனர் தயாரிப்பாளர் சங்கம் ஒன்று 2011-ல் அவரைக் கௌரவித்தது. அந்த நிலையம் இருப்பது வேறு மாவட்டத்தில். குரோய்ட்ஸ்பெர்க்கிலும் உரிமை கோரியவர்கள் உண்டு. சுற்றும் கம்பியில் இறைச்சி சுடுவது துருக்கியில் ஏற்கெனவே இருந்தது. நடந்துகொண்டே தின்னும்படி ரொட்டிக்குள் வைத்துக் கொடுத்தது பெர்லின் அவசரம். அவ்வளவுதான் எனக்கு உறுதியாகச் சொல்லத் தெரியும்.

சுவரை ஒட்டி ஒரு தாத்தா தானாகவே வீடு கட்டினாராமே, கட்டுக்கதையா?

முழுக்க உண்மை, இன்றும் போய்ப் பார்க்கலாம். சுவரைக் கட்டும்போது எல்லைக்கோடு வளைந்து வளைந்து போன இடங்களில் கிழக்குக்காரர்கள் குறுக்கே நேராகக் கட்டிவிட்டார்கள். மரியானென்பிளாட்ஸ் பக்கம், புனித தோமையார் தேவாலயத்துக்கு எதிரே, இப்படி ஒரு முக்கோணத் துண்டு மிச்சமானது. சட்டப்படி கிழக்கு பெர்லின். இருந்தது சுவரின் மேற்குப் பக்கம். மேற்கு அதிகாரிகளுக்கு அதில் கை வைக்க உரிமையில்லை, கிழக்கு அதிகாரிகளுக்கு அது சுவருக்கு அப்பால். குப்பை கொட்டும் இடமாகக் கிடந்தது.

எண்பதுகளின் தொடக்கத்தில் உஸ்மான் காலின் என்ற துருக்கிய முதியவர், வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர், வீட்டில் சும்மா உட்கார முடியாமல் அந்தக் குப்பையை அள்ளிப்போட்டு வெங்காயமும் பூண்டும் நட்டார். எல்லைக் காவலர்கள் வந்து விசாரித்தார்கள். சுரங்கம் தோண்டுகிறாரோ என்று சந்தேகம். கிழவர் தோண்டுவது வெங்காயத்துக்குத்தான் என்று தெரிந்ததும் விட்டுவிட்டார்கள். தெருவில் யாரோ எறிந்த கதவு, கட்டில் பலகை, தகரம் என்று பொறுக்கிவந்து ஒரு குடிசை கட்டினார். அப்புறம் அதற்கு மாடியும் வந்தது. உள்ளேயிருந்து ஒரு மரம் கூரைக்கு மேலே எட்டிப் பார்க்கிறது.

சுவர் போனது, தோட்டம் போகவில்லை. காலின் 2018-ல் இறந்தார், குடும்பம் பார்த்துக்கொள்கிறது. துருக்கியில் ஒரே ராத்திரியில் கட்டி எழுப்பும் ஏழைக் குடிசைக்கு 'கெஜெகொண்டு' என்று பெயர். அந்தச் சொல்லை நினைவில் வையுங்கள், கீழே மறுபடி வரும்.

காலி வீட்டில் பூட்டை உடைத்துக் குடியேறினாங்கன்னு சொல்றாங்க. அதை ஏன் இவ்வளவு பெருமையா பேசறாங்க? அது ஆக்கிரமிப்புதானே?

சட்டப்படி ஆக்கிரமிப்பு, சந்தேகமே இல்லை. பெருமை எங்கிருந்து வந்தது என்று புரிய, மேலே சொன்ன விரைவுச்சாலைக் கதைக்குத் திரும்ப வேண்டும். இடிப்பதற்காக ஆட்களை வெளியேற்றிய வீடுகள் வருடக்கணக்கில் காலியாக நின்றன. அதே நேரம் நகரத்தில் ஆயிரக்கணக்கானோர் வீடு கிடைக்காமல் அலைந்தார்கள். மேற்கு பெர்லினில் குடியிருந்தால் கட்டாய ராணுவ சேவை கிடையாது என்பதால் மேற்கு ஜெர்மனியின் இளைஞர்களும் இங்கே வந்து குவிந்தார்கள். 1971 டிசம்பரில் பெத்தானியன் என்ற மூடிக்கிடந்த மருத்துவமனையின் செவிலியர் விடுதிக்குள் ஒரு ராக் இசைக் கச்சேரி முடிந்த கையோடு புகுந்தார்கள். அந்தக் கட்டடத்தில் இன்றும் ஆட்கள் கூட்டாகக் குடியிருக்கிறார்கள்.

1981-ல் மேற்கு பெர்லினில் 160-க்கும் மேற்பட்ட வீடுகள் இப்படிப் பிடிக்கப்பட்டிருந்தன. சுமார் பாதி குரோய்ட்ஸ்பெர்க்கில். போனவர்கள் கூரை ஓட்டை அடைத்தார்கள், குழாய் போட்டார்கள், சுவர் பூசினார்கள். பழுதுபார்ப்பது, பிடிப்பது என்ற இரண்டு ஜெர்மன் சொற்களை ஒட்டிப் புதுச்சொல்லே உண்டாக்கினார்கள். எல்லோரும் உத்தமர்கள் என்று நான் சொல்ல மாட்டேன். சில வீடுகள் குட்டிச்சுவராகவும் போயின. எண்பதுகளின் நடுவுக்குள் பல வீடுகளுக்கு முறையான ஒப்பந்தம் கிடைத்தது, மற்றவற்றைப் போலீஸ் காலி செய்தது.

எனக்கு முக்கியமாகப் படுவது அதற்குப் பின்னால் நடந்தது. ஹார்ட்-வால்டர் ஹேமர் என்ற கட்டடக் கலைஞரின் தலைமையில், இடிக்காமல், குடியிருப்பவர்களிடம் கேட்டு, கொஞ்சம் கொஞ்சமாகப் பழுதுபார்ப்பது என்று 12 கொள்கைகள் வகுத்தார்கள். 'பக்குவமான நகரப் புதுப்பிப்பு' என்று அதைச் சொல்லலாம். இன்று ஓரானியன் தெருவில் நீங்கள் படம் பிடிக்கும் அழகான முகப்புகள் எல்லாம் இடிப்பதாக இருந்தவை.

மே 1 அன்னைக்கு அந்தப் பக்கம் போகலாமா? கலவரம் நடக்குமாமே?

பகலில் தாராளமாகப் போகலாம், கூட்டம்தான் தாங்காது. அந்தப் பெயர் வந்தது 1987-ல். அன்று காலை, மக்கள்தொகைக் கணக்கெடுப்பை எதிர்ப்பவர்களின் அலுவலகத்தைப் போலீஸ் சோதனை போட்டது. மாலையில் லவுசிட்சர் பிளாட்ஸில் நடந்த தெருவிழாவில் கைகலப்பு மூண்டு, போலீஸ் 36-ஐ விட்டே பல மணி நேரம் விலகிப்போனது. கடைகள் சூறையாடப்பட்டன. அவற்றில் முகமூடிக்காரர்களோடு அக்கம்பக்கத்துப் பாட்டிகளும் காபித்தூளை அள்ளினார்கள் என்பது தெருவில் சொல்லப்படும் கதை. கோர்லிட்சர் பான்ஹோஃப் நிலையத்தருகே 'போலே' சூப்பர்மார்க்கெட் எரிந்து தரைமட்டமானது. தீ வைத்தவர் அரசியலோடு சம்பந்தமில்லாத, தீ வைக்கும் வெறி கொண்ட ஆள் என்று பிற்பாடு தெரியவந்தது. அந்த மனையில் இன்று ஒரு பள்ளிவாசல் நிற்கிறது.

அதன்பின் ஒவ்வொரு ஆண்டும் கல்லெறி ஒரு சடங்காகிவிட்டது. 2003 முதல் 'மாய்ஃபெஸ்ட்' என்று மேடை, பாட்டு, சாப்பாட்டுக் கடை போட்டுத் தெருவை நிரப்பினார்கள். கல்லெறிய இடமில்லாமல் போயிற்று. குழந்தைகளோடு போனால் இருட்டுவதற்குள் திரும்பிவிடுங்கள்.

கோட்டியில் ராத்திரி இறங்க பயமா இருக்கு. உண்மையைச் சொல்லுங்க, ஆபத்தா?

கோட்டி என்பது கொட்புசர் டோர் சந்திப்பின் செல்லப்பெயர். பயம் ஓரளவு நியாயமானது. போதைப்பொருள் விற்பனை, பர்ஸ் அடிப்பது இரண்டும் நடக்கின்றன. என் நண்பர் ஒருவர் படியிறங்கும் நேரத்தில் போனை இழந்திருக்கிறார். சந்திப்பை வளைத்து நிற்கும் ராட்சதக் கட்டடம் எழுபதுகளின் தொடக்கத்தில் எழும்பியது. வராமலேபோன அந்த விரைவுச்சாலையின் சத்தத்தைத் தடுக்கும் மதில் போலத்தான் அதை வளைத்தார்கள். தெருவே அதன் வயிற்றுக்குள் புகுந்து போகிறது. மூலைகள், இருட்டுப் படிகள் ஏராளம். 2023-ல் அதன் மாடியில் போலீஸ் நிலையம் திறந்தார்கள்.

கோர்லிட்சர் பூங்காவும் இதே ரகம். ரயில் நிலையம் இருந்த இடம். போருக்குப் பின் அதை இடித்துப் பூங்கா ஆக்கினார்கள். பகலில் குழந்தைகளும் ஆட்டுக்கறி சுடும் குடும்பங்களும். வாசலில் கஞ்சா விற்பவர்கள், பலரும் வேலை செய்ய அனுமதி இல்லாத ஆப்பிரிக்க இளைஞர்கள். வேலி போட்டு இரவில் பூட்டுவது என்று நகர அரசு 2023-ல் முடிவெடுத்தது. மாவட்ட நிர்வாகமே எதிர்த்து நீதிமன்றம் வரை போனது. வேலி போட்டால் விற்பனை பக்கத்துத் தெரு வீட்டு வாசல்களுக்கு நகரும் என்பது அங்கே குடியிருப்பவர்களின் வாதம். எனக்கும் அதுதான் சரியென்று தோன்றுகிறது. சரி, உங்களுக்கு வேண்டிய பதில்: நான் இரவு பதினொன்றுக்கும் கோட்டியில் இறங்கி வீட்டுக்கு நடக்கிறேன். போன் மட்டும் உள்பாக்கெட்டில்.

நம்ம ஆளுங்க இந்தப் பக்கம் இருக்காங்களா?

எண்பதுகளில் இலங்கைத் தமிழர்கள் ஐரோப்பாவுக்குள் நுழைந்த வாசல்களில் ஒன்று இந்த நகரம். கிழக்கு பெர்லினின் ஷோனஃபெல்ட் விமான நிலையத்தில் இறங்கி, ரயிலில் ஃப்ரீட்ரிஷ் தெரு நிலையம் வந்து, அங்கிருந்து மேற்கே போய்விடலாம். சுவரை எல்லை என்று ஒப்புக்கொள்ளாத மேற்கு, அங்கே பாஸ்போர்ட் பார்க்கவில்லை. 1985-ல் கிழக்கு ஜெர்மனி தமிழர்களுக்கு அந்த வழியை அடைத்தது, மறு ஆண்டு மற்றவர்களுக்கும்.

இன்று பிரிட்ஸ் பகுதியில் கோபுரத்தோடு நிற்கும் மயூரபதி முருகன் கோயில் 2013-ல் குடமுழுக்கு கண்டது. அதற்கு முன் முருகன் இருந்தது குரோய்ட்ஸ்பெர்க்கின் ஊர்பான் தெருவில், ஒரு கட்டடத்தின் நிலவறையில். துருக்கியர்களும் தங்கள் முதல் தொழுகையிடங்களைப் பின்கட்டுகளிலும் பழைய பட்டறைகளிலும்தான் வைத்தார்கள்.

யூதர்கள் இங்கே இருந்தாங்களா? அவங்களுக்கு என்ன ஆச்சு?

நிறைய இருந்தார்கள். கால்வாயோரம் ஃப்ரேங்கல்கரையில் 1916-ல் 2,000 பேர் அமரும் தொழுகைக்கூடம் ஒன்றைத் திறந்தார்கள். 1938 நவம்பரில் நாஜிகள் அதை நாசமாக்கினார்கள். பக்கத்தில் தப்பிய சிறு கட்டடத்தில் 1945 செப்டம்பரில், போர் முடிந்த சில மாதங்களில், மிஞ்சியவர்கள் யூதப் புத்தாண்டுத் தொழுகை நடத்தினார்கள். அது இன்றும் இயங்குகிறது, வாசலில் போலீஸ் காவலோடு.

இதே மாவட்டத்தின் அன்ஹால்டர் பான்ஹோஃப் அந்தக் காலத்தின் பெரிய ரயில் நிலையம். இன்று முகப்பின் ஒரு துண்டு மட்டும் மைதானத்தில் தனியாக நிற்கிறது. 1942 முதல் வயதான யூதர்களை அங்கிருந்துதான் தெரேசியன்ஷ்டட் முகாமுக்கு அனுப்பினார்கள். சரக்கு ரயிலில் அல்ல. வழக்கமான பயணிகள் ரயிலோடு மூன்றாம் வகுப்புப் பெட்டி ஒன்றிரண்டைச் சேர்த்து. பக்கத்துப் பெட்டியில் உல்லாசப் பயணிகள் இருந்திருப்பார்கள். அங்கிருந்து நடந்து போகும் தூரத்தில்தான் கெஸ்டாப்போ ரகசியப் போலீசின் தலைமையகம் இருந்தது. இன்று அது திறந்தவெளிக் காட்சியகம், கட்டணம் இல்லை.

தெருப் பெயரை எல்லாம் மாத்திக்கிட்டே இருக்காங்களே, கூகுள் மேப்பே குழம்புதே?

இரண்டு உதாரணம் போதும். ஓபர்பாம் பாலத்தருகே உள்ள கரைக்கு முன்பு க்ரோபன் என்பவரின் பெயர். இன்றைய கானா நாட்டுக் கடற்கரையில் பிராண்டன்பர்க் அரசுக்காகக் கோட்டை கட்டியவர். அந்தக் கோட்டையிலிருந்து அடிமைகளை விற்றார்கள். 2010-ல் அந்தக் கரைக்கு மை ஆயிம் என்ற கவிஞரின் பெயரை வைத்தார்கள். ஜெர்மன் தாய்க்கும் கானா நாட்டுத் தந்தைக்கும் பிறந்தவர் அவர். மேலே குழந்தைகள் மூழ்கிய கதை சொன்னேனே, அதுவும் இந்தக் கரைதான்.

இன்னொன்று 1968 மாணவர் தலைவர் ரூடி டுட்ஷ்கவின் தெரு. அவர் சுடப்பட்டதற்கு ஷ்ப்ரிங்கர் பத்திரிகைகளின் வெறுப்புப் பிரசாரமே காரணம் என்று மாணவர்கள் அந்த நிறுவனத்தை முற்றுகையிட்டார்கள். 2008-ல் அவர் பெயரை வைத்த தெரு போய் முட்டுவது ஆக்சல் ஷ்ப்ரிங்கர் தெருவில். முந்தைய ஆண்டு மாவட்டத்தில் வாக்கெடுப்பு நடத்தியே அதை உறுதிசெய்தார்கள். குரோய்ட்ஸ்பெர்க் குசும்பு என்றால் இதுதான்.

இவ்வளவு போராடறாங்களே, வாடகை குறைஞ்சதா? எனக்கு அங்கே வீடு கிடைக்குமா?

இரண்டாவது கேள்விக்கு முதலில்: கஷ்டம். சுவர் விழுந்ததும் நகரத்தின் கோடி மறுபடி நகரத்தின் நடுவாகிவிட்டது. யாருக்கும் வேண்டாமல் கிடந்த பின்கட்டுகளைத் தேடி இப்போது பணம் வருகிறது. ஒரு முறை வீடு பார்க்கப் போனபோது வரிசை மூன்றாவது மாடியிலிருந்து இறங்கி, முற்றத்தைத் தாண்டி, தெருவில் நின்றது. எல்லார் கையிலும் சம்பளச் சீட்டும் கடன் சான்றும் அடங்கிய கோப்பு. பழைய ஒப்பந்தம் வைத்திருப்பவர் சிறிய வாடகை கட்டுகிறார். அதே படியில் எதிர்வீட்டுக்குப் புதிதாக வருபவர் பல மடங்கு. அதனால் யாரும் காலி செய்வதில்லை, பிள்ளைகள் போன பின்னும்.

போராட்டத்தின் வரவு செலவு கலப்படம். 2012-ல் கோட்டியின் அரசு மானிய வீட்டுக்காரர்கள், பெரும்பாலும் துருக்கிய அம்மாக்கள், வாடகை உயர்வை எதிர்த்துச் சந்திப்பிலேயே ஒரு பலகைக் குடிசை கட்டி உட்கார்ந்தார்கள். பெயர் கெஜெகொண்டு, மேலே நினைவில் வைக்கச் சொன்னது இதற்காகத்தான். கோட்டியின் வளைந்த கட்டடத்தை 2017-ல் நகரத்துக்குச் சொந்தமான வீட்டு நிறுவனம் வாங்கியது. பழைய துணை மின்நிலையத்தில் கூகுள் திறக்கவிருந்த மையம், எதிர்ப்புக்குப் பிறகு 2018-ல் கைவிடப்பட்டது. மறுபக்கம், 2020-ல் பெர்லின் கொண்டுவந்த வாடகை உச்சவரம்பை, மாநிலத்துக்கு அந்த அதிகாரமே இல்லை என்று 2021 ஏப்ரலில் அரசியல் சாசன நீதிமன்றம் ரத்து செய்தது. அந்த நவம்பரில் இன்னொரு அடி: விற்பனைக்கு வரும் வீட்டை மாவட்டமே முந்திக்கொண்டு வாங்கும் உரிமையையும் வேறொரு உயர்மட்ட நீதிமன்றம் பெருமளவு முடக்கியது. அந்த வழக்கே குரோய்ட்ஸ்பெர்க் வீடு ஒன்றைப் பற்றியதுதான். கூட்டுறவு வீட்டுச் சங்கங்களில் பெயர் கொடுத்து வையுங்கள், வாடகைதாரர் சங்கத்தில் உறுப்பினராகுங்கள். நான் அவ்வளவுதான் சொல்ல முடியும்.

எல்லாரும் கலந்து வாழறாங்கன்னு சொல்றீங்க. நிஜமாவே பழகறாங்களா, இல்லை பக்கத்துப் பக்கத்தில் தனித்தனியா இருக்காங்களா?

பல நாள் யோசித்த கேள்வி. காய்கறிக் கடையில், மாடிப்படியில், வாடகைப் போராட்டத்தில் கலக்கிறார்கள். பள்ளிக்கூட வாசலில் கலப்பு குறைகிறது. வெளிநாட்டுப் பிள்ளைகள் அதிகம் என்ற காரணத்துக்காக வேறு பகுதி விலாசத்தில் பதிவு செய்து, தன் பிள்ளையை அங்கே சேர்க்கும் முற்போக்குக் குடும்பங்கள் உண்டு. ஊர்வலத்தில் முன்வரிசையில் நிற்பவர்களும் அதில் அடக்கம் என்பதைச் சொல்லத்தான் வேண்டும்.

'துருக்கியர்' என்பதும் ஒரே கூட்டம் இல்லை. குர்துகள் இருக்கிறார்கள், 1980 ராணுவப் புரட்சிக்குத் தப்பி வந்த இடதுசாரிகள் இருக்கிறார்கள், மசூதிக்குப் போகாத அலெவி என்ற பிரிவினருக்கு வால்டமார் தெருவில் தனி வழிபாட்டு இல்லம் இருக்கிறது. ஓரானியன் தெருவின் எஸ்.ஓ.36 அரங்கில் பங்க் கச்சேரிகளோடு, துருக்கியப் பாட்டுக்கு ஆடும் தன்பாலினத்தவர் இரவும் மாதாமாதம் நடந்துவந்திருக்கிறது. அந்தத் தெருவின் மூலையில் தேநீர் குடிக்கும் தாடிக்காரத் தாத்தாவுக்கு அதில் பிரியமில்லை. ஆனாலும் ஆட வருபவர்கள் வழி கேட்டால் கையை நீட்டிக் காட்டுவார், நான் பார்த்திருக்கிறேன்.

ஒரே ஒரு மத்தியானம்தான் இருக்கு. எங்கே ஆரம்பிக்கட்டும்?

ஷ்லெசிஷஸ் டோரில் இறங்கி, மை ஆயிம் கரையில் ஐந்து நிமிடம் நில்லுங்கள். அங்கிருந்து ஐசன்பான் தெருவில் 1891-ல் கட்டிய 9-ஆம் எண் சந்தைக் கூடம், பிறகு மரியானென்பிளாட்ஸ், காலினின் குடிசை, பெத்தானியன், ஓரானியன் தெரு. திறந்திருக்கும் முற்ற வாசல் எதையாவது கண்டால் உள்ளே நடந்து பின்கட்டு வரை போய்ப் பாருங்கள், சத்தம் போடாமல். அது ஒருவர் வீடு. செவ்வாய் அல்லது வெள்ளியாக இருந்தால் கோட்டியிலிருந்து கால்வாயைத் தாண்டி மைபாக்கரையின் துருக்கியச் சந்தைக்குப் போகலாம். சட்டப்படி அது நொய்கோல்ன் மாவட்டம். கடை மூடும் நேரத்தில் மாம்பழத்தைக் கூடையோடு கூவி விற்பார்கள். பை எடுத்துப் போங்கள்.